புதுச்சேரியில் கார், தமிழ்நாட்டில் வீடு: சாலை வரி யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு கார்களுக்கான வாழ்நாள் வரியை உயர்த்தியது. அதற்குப் பிறகு கார் வாங்கப் போகிறவர்கள் வீட்டில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "பாண்டியில் போய் எடுத்துவிட்டால் என்ன?" ஷோரூம் அங்கே இருக்கிறது, வரி குறைவு, சென்னையிலிருந்து மூன்று மணி நேரம். பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவெண் போட்ட கார்கள் நம் தெருவிலேயே ஓடுகின்றன. சட்டப்படி இது சரியா, தப்பா?

ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. "புதுச்சேரியில் கார் வாங்குவது" என்ற பேச்சுக்குள் இரண்டு தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. ஒன்று வாங்குவது, இன்னொன்று பதிவு செய்வது. வாங்குவதற்கு எல்லை கிடையாது. பதிவுக்கு உண்டு. குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதிலிருந்து வருகிறது.

ஒரு காரின் விலைக்குள் எத்தனை வரி?

முதலில் வரிகளைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

1. ஜி.எஸ்.டி. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம், மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். நீளம் 4 மீட்டருக்குள்ளும், எஞ்சின் பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. என்ற வரம்புக்குள்ளும் இருந்தால்தான் அது சிறிய கார். இந்த விகிதம் சென்னை, புதுச்சேரி, பெங்களூரு எல்லா ஊரிலும் ஒன்றுதான். எல்லை தாண்டினாலும் இதில் ஒரு ரூபாய் மிச்சமாகாது.

2. டி.சி.எஸ். கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் 1 சதவீதம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டுகிறார். இது தனி வரி இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வாங்கலாம். இதையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

3. சாலை வரி. தனிநபர் கார்களுக்கு ஒரே தடவையாகக் கட்டுவதால் இதை வாழ்நாள் வரி என்கிறோம். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது இது ஒன்றுதான். "பாண்டி கணக்கு" என்று பேசப்படுவதும் இதைப் பற்றித்தான்.

நான்காவதாக நுழைவு வரி என்று ஒன்று இருந்தது. ஜி.எஸ்.டி.க்கு முன்பு விற்பனை வரியே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. வரி குறைந்த மாநிலத்தில் வாங்கி இங்கே கொண்டுவந்தால் அந்த வித்தியாசத்தை வசூலிக்க, தமிழ்நாட்டில் 1990இல் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். 2021 ஜூலையில் பரபரப்பாகப் பேசப்பட்ட நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கு, இறக்குமதி செய்த காருக்கான இந்த நுழைவு வரியைப் பற்றியது. சாலை வரியைப் பற்றியது இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பியதில்தான் அப்போது பாதி விவாதம் திசை மாறிப் போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு நுழைவு வரி போய்விட்டது. ஆகவே இன்றைக்கு மிச்சம் இருப்பது சாலை வரி மட்டுமே.

தமிழ்நாட்டு விகிதமும் அதில் இருக்கும் படிக்கட்டும்

2023 நவம்பர் வரை இங்கே கணக்கு எளிது. 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். இப்போது நான்கு படிகள்: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, 20 லட்சத்துக்கு மேல் 20.

வரிக்கு எடுத்துக்கொள்ளப்படும் விலை 14 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் 2,10,000 ரூபாய். புதிய விகிதத்தில் 2,52,000. ஒரே காருக்கு 42,000 கூடுதல்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வருமான வரியில் ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் அதிக விகிதம். இங்கே அப்படி இல்லை, முழு விலைக்கும் புதிய விகிதம் விழுகிறது. 9,80,000 ரூபாய்க் காருக்கு 13 சதவீதத்தில் வரி 1,27,400. அதே காரில் அடுத்த மாடல் 10,20,000 என்றால் 18 சதவீதத்தில் 1,83,600. விலை வித்தியாசம் 40,000, வரி வித்தியாசம் 56,200. 10 லட்சத்தை ஒட்டி விலையுள்ள கார் பார்க்கிறவர்கள் எல்லை தாண்ட யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சில நேரம் மாடலை ஒரு படி குறைப்பதே பெரிய மிச்சமாக இருக்கும்.

புதுச்சேரி மட்டும் ஏன்?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57ஆவது இனம் வாகன வரியை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் விகிதத்தைத் தானே முடிவு செய்யலாம். சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்கும் தனி வாகன வரிச் சட்டம் உண்டு. அங்கே சொகுசு கார்களுக்கான வரி பல காலமாகத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் விட மிகக் குறைவு.

அப்புறம் நில அமைப்பு. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. காரைக்கால் தமிழ்நாட்டுக்குள், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கின்றன. பி.ஒய். 01 என்றால் புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். புதுச்சேரி நகரைச் சுற்றியுள்ள பகுதியே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒரு தெரு இந்தப் பக்கம், அடுத்த தெரு அந்தப் பக்கம். கோட்டக்குப்பத்தில் வீடு, புதுச்சேரி நகருக்குள் கடை என்று வாழும் குடும்பங்களுக்கு எல்லை என்பது அன்றாடம் கடக்கும் ஒரு தெரு முனை. திண்டிவனம் சாலையில் கோரிமேடு, விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு, கடலூர் சாலையில் முள்ளோடை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் எல்லை வந்துவிடும். இந்தக் குடும்பங்களின் பி.ஒய். வண்டியையும், வரி மிச்சத்துக்காகச் சென்னையிலிருந்து போய் எண் வாங்கி வந்த வண்டியையும் ஒரே கண்ணால் பார்ப்பது நியாயமில்லை.

சட்டம் கேட்பது: வண்டி எங்கே நிற்கிறது?

பதிவைப் பற்றிச் சொல்வது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இது ஒன்றிய அரசின் சட்டம், நாடு முழுவதற்கும் ஒன்றுதான். இதன் 40ஆவது பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால், உரிமையாளரின் குடியிருப்போ தொழில் செய்யும் இடமோ எந்த மாநிலத்தில் இருந்து, வண்டியும் வழக்கமாக அங்கே நிறுத்தி வைக்கப்படுகிறதோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அந்த மாநிலத்துக்குள் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பதியலாம்.

எங்கே வாங்கினீர்கள், எங்கே கடன் எடுத்தீர்கள், சொந்த ஊர் எது என்பதெல்லாம் இதில் இல்லை. இரவில் வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. இதை வைத்து நான்கு நிலைமைகளைப் பார்க்கலாம்.

1. புதுச்சேரியில் குடியிருக்கிறீர்கள், வண்டியும் அங்கேதான் நிற்கிறது. பி.ஒய். எண் முழுக்கச் சரி. வார இறுதியில் சென்னைக்கு ஓட்டி வந்தாலும் யாரும் கேட்க முடியாது. 46ஆவது பிரிவின்படி ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும்.

2. புதுச்சேரியில் உண்மையாகவே ஒரு நிறுவனம் நடத்துகிறீர்கள், வண்டி அந்தத் தொழிலுக்கு அங்கேயே ஓடுகிறது. இதுவும் சரி.

3. சென்னையில் இருக்கிறீர்கள், நல்ல தள்ளுபடி கிடைப்பதால் புதுச்சேரி ஷோரூமில் வாங்குகிறீர்கள். தாராளமாக வாங்கலாம். தற்காலிகப் பதிவு எடுத்து, மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து எண்ணோடு வண்டியை ஓட்டி வந்து, இங்கே வரி கட்டி டி.என். எண் வாங்க வேண்டும். தள்ளுபடி உங்களுக்கு, சாலை வரி தமிழ்நாட்டுக்கு.

4. சென்னையில் இருக்கிறீர்கள், புதுச்சேரியில் யாருடைய முகவரியையோ காட்டி பி.ஒய். எண் வாங்குகிறீர்கள். "பாண்டி ரெஜிஸ்ட்ரேஷன்" என்று ஏஜென்ட்டுகள் விற்பது இதைத்தான். சட்ட மீறல் இது மட்டுமே.

"12 மாசம் வரைக்கும் ஓட்டலாம்" என்பது எவ்வளவு உண்மை?

நான்காவது நிலைமையில் இருப்பவர்களுக்கு ஏஜென்ட் சொல்லும் சமாதானம் இது. "12 மாசம் ஓட்டலாம் சார், நடுவில் ஒரு தடவை பாண்டி போயிட்டு வந்தா திரும்ப 12 மாசம்." டோல் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு.

47ஆவது பிரிவில் 12 மாதம் என்று இருப்பது உண்மைதான். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் இந்தப் பிரிவை நம்புவதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, 47ஆவது பிரிவு பேசுவது எண்ணைப் பற்றி. வரி அதன் பேச்சிலேயே இல்லை. வரிக்கு இருப்பது 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம். மாநிலத்துக்குள் பயன்படுத்தப்படும் அல்லது பயன்படுத்துவதற்காக வைக்கப்பட்டிருக்கும் வண்டிக்கு வரி என்பது அதன் அடிப்படை. எண் மாற்ற ஒன்றிய அரசின் சட்டம் கொடுக்கும் அவகாசத்தை, மாநிலத்தின் வரிக்குக் கிடைத்த விடுமுறையாக நினைத்துக்கொள்வதுதான் தவறு.

இரண்டாவது, 47ஆவது பிரிவு உண்மையாகவே இடம்பெயர்ந்தவர்களுக்கானது. புதுச்சேரியில் வாழ்ந்து, பதிவு செய்து, பிறகு வேலை மாறிச் சென்னைக்கு வந்தவருக்கு அந்த அவகாசம் நியாயமானது. முதல் நாளிலிருந்தே வண்டி அண்ணா நகரில்தான் நிற்கிறது என்றால், குறை 40ஆவது பிரிவிலேயே தொடங்கிவிடுகிறது. அதாவது பதிவே தவறான இடத்தில் நடந்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை கோரிமேடு தாண்டிப் போய் வருவதால் அது சரியாகிவிடாது.

முகவரி பொய் என்றால் என்ன நடக்கும்?

இதற்குக் கேரளமே சாட்சி. 2017இல் திரைநட்சத்திரங்கள் உட்படப் பலருடைய சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகியிருப்பது அங்கே பெரிய செய்தியானது. ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய ஒரு காருக்குக் கேரளத்தில் 20 சதவீத விகிதத்தில் 20 லட்சத்துக்கு மேல் வரி வரும். புதுச்சேரியில் 2 லட்சத்துக்குள் முடிந்திருந்தது. மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பியதோடு நிற்கவில்லை, காவல்துறை வழக்கும் பதிவானது. அந்த முகவரிகளில் கார் உரிமையாளர்கள் உண்மையில் குடியிருந்தார்களா என்பதுதான் விசாரணையின் மையமாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, விஷயம் வரி பாக்கியோடு முடியவில்லை என்பது. பொய் வாடகை ஒப்பந்தமோ பொய் உறுதிமொழிப் பத்திரமோ கொடுத்திருந்தால் அது ஆவண மோசடி, கிரிமினல் குற்றம். பொய்யான ஆவணத்தின் பேரில் வாங்கிய பதிவை ரத்து செய்ய 55ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பதிவு ரத்தானால் கையில் இருப்பது பதிவில்லாத வண்டி. அதைச் சாலையில் இறக்கினால் 192ஆவது பிரிவில் தனி அபராதம்.

ஏஜென்ட்டுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் இருப்பதும் உங்கள் பெயர். அந்த முகவரி வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று நீங்கள் பார்த்தது கூட இருக்காது. அபராத நோட்டீஸோ நீதிமன்றச் சம்மனோ அந்த வீட்டுக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும் நாளில், ஆர்.சி.யில் ஒரு முகவரியும் ஆதாரில் இன்னொரு முகவரியுமாக நிற்க வேண்டியிருக்கும். இரண்டு லட்சம் மிச்சம் பிடிக்க எடுக்கும் ஆபத்து இது என்பதை வாங்குகிறவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை வீட்டில் படித்துக் காட்ட வேண்டுமென்றால், இதைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

பழைய காரை எல்லை தாண்டிக் கொண்டுவருவது

புதுக் காரைவிடப் பழைய காரில்தான் சாதாரணக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் வந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து மலிவாகக் கார்கள் வரத் தொடங்கின. பெங்களூரு, புதுச்சேரி வண்டிகள் எப்போதும் சந்தையில் உண்டு. விலையைப் பார்த்ததும் ஆசை வரும். வரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

முறையாகச் செய்தால் வரிசை இது:

1. வண்டி பதிவான ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. இதற்குப் படிவம் 28, மூன்று பிரதிகள். ஒவ்வொன்றிலும் சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரின்ட் வேண்டும். எஞ்சின் அறைக்குள்ளோ இருக்கைக்குக் கீழேயோ தகட்டில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து, பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். அதைப் படிவத்தில் ஒட்ட வேண்டும். சடங்கு மாதிரித் தெரியும். ஆனால் வாங்குகிறவர் தானே கூட இருந்து இதைச் செய்தால், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, யாராவது தகட்டைச் சுரண்டியிருக்கிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

2. வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கியிருக்க வேண்டும். கடன் அடைத்தவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை.

3. திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற காவல்துறை அறிக்கை. இது இல்லாமல் என்.ஓ.சி. கிடைக்காது. விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும், சொல்லாவிட்டால் சான்று கொடுத்ததாகவே கருதப்படும் என்றும் 48ஆவது பிரிவு சொல்கிறது. அதற்காகத் தாள் கையில் வராமல் வண்டியை எடுத்துவிட வேண்டாம்.

4. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதிய பதிவெண்ணுக்குப் படிவம் 27. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

5. தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி. வெளிமாநில வண்டிக்கு வயது கூடக் கூட விகிதம் குறையும். நீங்கள் பழைய உரிமையாளருக்குக் கொடுத்த விலையை வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள். வண்டி புதிதாக விற்ற விலையும் அதன் வயதும்தான் கணக்கு. 60 லட்சத்துக்கு விற்ற சொகுசு காரைப் பத்து லட்சத்துக்கு வாங்கியவர் அதிர்ந்து போவது இந்த இடத்தில்தான். விலை பேசும் முன்பே முதல் இன்வாய்ஸை வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

6. காப்பீடு. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். பதிவு சென்னைக்கு மாறினால் பிரீமியமும் கொஞ்சம் மாறலாம், ஏனென்றால் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்கள் தனி மண்டலம்.

இதில் எந்தப் படியையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடக்கூடாது. என்.ஓ.சி. வாங்காமல் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வந்தவர்கள், இரண்டு ஆண்டு கழித்துப் பழைய உரிமையாளரைத் தேடி வேறு மாநிலத்தில் அலைகிறார்கள்.

அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கு பி.ஹெச். எண்

வேலை காரணமாக மாநிலம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்காக 2021 செப்டம்பர் 15 முதல் பி.ஹெச். (பாரத்) பதிவெண் வரிசை வந்தது. பாதுகாப்புப் படையினர், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். 15 ஆண்டு வரியை மொத்தமாகக் கட்டாமல், இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். அறிமுகமானபோது விகிதம் 10 லட்சம் வரை 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு 2 சதவீதம் கூடுதல், மின்சார வண்டிக்கு 2 சதவீதம் குறைவு. மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

எல்லா மாநிலங்களும் இதை ஒரே வேகத்தில் ஏற்கவில்லை. முன்பணம் கட்டும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். தகுதி உள்ளவர்களுக்கு, பொய் முகவரி தேடாமல் வரிச் சுமையைப் பிரித்துக்கொள்ள நேர்மையான வழி இது.

கட்டிய வரி திரும்ப வருமா?

இடம்பெயர்ந்தவர்களின் கடைசிக் கேள்வி இது. புதுச்சேரியிலோ பெங்களூருவிலோ 15 ஆண்டுக்கு வாழ்நாள் வரி கட்டியாயிற்று, நான்காம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்து திரும்பவும் கட்ட வேண்டுமா என்றால், கட்ட வேண்டும். மீதி ஆண்டுகளுக்கான தொகையைப் பழைய மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும். இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியாது.

பொதுவாக அதற்குக் கேட்கப்படுபவை: புதிய மாநிலத்தில் வரி கட்டிய ரசீது, புதிய எண் உள்ள ஆர்.சி., பழைய ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், பழைய வரி ரசீது. ஆகவே பழைய ஆர்.சி.யை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எண் மாறிய பிறகு பழைய எண்ணின் பேரில் இருக்கும் ஃபாஸ்டேக்கையும் வங்கியிடம் சொல்லி மாற்ற வேண்டும். விட்டுவிட்டால், ஃபாஸ்டேக்கில் ஒரு எண்ணும் பலகையில் வேறொரு எண்ணுமாகச் சுங்கச்சாவடி வரிசையில் நிற்க நேரும்.